அங்கீகரிக்கப்பட்ட சந்தோஷம்

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பேக்ஸ் வந்தது. நாற்பதாயிரம் டி-சர்ட்டுக்கான விவரங்களுக்குக் கீழே, கடைசி வரியாக, 'உங்கள் தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?' என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் சும்மா நலம் விசாரித்திருக்கலாம். ஆனால் திருப்பூரில் வெளிநாட்டிலிருந்து வரும் கேள்வியை யாரும் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆர்டராக எடுத்துக்கொள்வார்கள். துணியின் நிறம், கழுத்தின் அகலம், பாலிதீன் கவரின் தடிமன் ஆகியவற்றோடு தொழிலாளியின் மகிழ்ச்சியும் இனி ஓர் அயிட்டம் என்று முடிவாயிற்று.

பதினைந்தே நாளில் அருள்புரத்தில் ஒரு கட்டடம் பிடித்து, 'பின்னலாடைத் தொழிலாளர் மகிழ்ச்சி ஆய்வுக் கழகம்' தொடங்கினார்கள். எங்கள் முதலாளி ஈஸ்வரமூர்த்திதான் தலைவர். செயலாளர் குமாரவேல். அவர் அதுவரை எங்கள் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். தபால் வழியில் மனோதத்துவம் படித்துப் பாதியில் விட்டிருந்தார். கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும்.

நான் அமானுல்லா. அந்தக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் தகப்பனார் காலத்திலிருந்து கத்திரி பிடித்த குடும்பம் எங்களுடையது. நாங்கள் வெட்டிய துணி கோணியிருந்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பேட்டர்ன் அட்டையை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் மூலையில் நீலப் பென்சிலால் ஒரு டிக் போடுவோம். அதன் பிறகுதான் அட்டை துணிமேல் ஏறும். அட்டையில் ஒரு நூல் தப்பினால் ஆயிரம் பனியன் தப்பும். என் தம்பி சலாவுதீனுக்கு இந்தப் பழக்கம் எலும்பில் ஊறிப்போயிருந்தது. வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லைக்கூடப் படித்து முடித்ததும் மூலையில் ஒரு டிக் போட்டுத்தான் கீழே வைப்பான். என்னோடு பல வருஷம் துணி வெட்டினான். மெஷின் கத்தி வந்த பிறகு செக்கிங் டேபிளுக்குப் போனான். அவனுக்கு ஒரே மகள், ஷரீபுன்னிசா. அவளுக்குத் தாராபுரத்தில் ஒரு நல்ல இடம் பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியிருந்தோம். பேசி முடித்தவன் நான். எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றையும் பேசி முடிப்பவன் நான்தான்.

கழகத்தின் தொடக்க விழாவுக்கு ஷிப்ட்டை அரை மணி நேரம் முன்னதாக நிறுத்தி எங்களை உட்காரவைத்தார்கள். தலைவர் பேசினார்.

"நான் தெனமும் காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சறேனுங்க. டாலர் என்ன வெலைன்னு எனக்குத் தெரியும். நூல் என்ன வெலைன்னு தெரியும். தெரிஞ்சதுனால தூக்கமில்லை. என்ற டிரைவர் சின்னானுக்கு ஒண்ணும் தெரியாது. வண்டி நின்னாத் தூங்கறான். சில நாள் ஓட்டறப்பவே தூங்கறான். இதுல இருந்து என்ன தெரியுது? விவரம் கூடக் கூடச் சந்தோசம் கொறையுது. உங்க சந்தோசத்துக்காக அந்த விவரத்தையெல்லாம் நாங்களே சொமந்துக்கறோம். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாமப் பாத்துக்கறது எங்க கடமைங்க."

எல்லோரும் கை தட்டினோம். மறுநாளே கடமை தொடங்கியது. ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள். நேரம் தெரிந்தால் வீட்டு நினைவு வரும் என்பது காரணம். டீக்கடைக்கு வரும் தினசரியை நிறுத்தினார்கள். பஸ் கட்டணம் ஏறிய செய்தி எங்களுக்கு நடத்துனர் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்தது ஆய்வு. நாற்பதாயிரம் சட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது என்பதால் பெட்டிக்கு இவ்வளவு என்று எடுத்துப் பார்ப்பது தொழில் வழக்கம். அதேபோல் முந்நூறு பேரில் முப்பத்திரண்டு பேரை எடுத்தார்கள். அதில் என் தம்பியும் ஒருவன். அவனைக் கேள்வி கேட்டபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"உங்க வாழ்க்கையில என்ன கொறைங்க?" என்று கேட்டார் குமாரவேல்.

"எடுத்துச் சொல்ற மாதிரி ஒண்ணுமில்லீங்க."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."

"பண்ணித்தானுங்க சொல்றேன்."

குமாரவேல் டேப்பை எடுத்து அவன் வாயின் அகலத்தை அளந்தார். ஐந்தரை சென்டிமீட்டர். அன்று அளந்தவற்றில் அதுதான் அதிகம். மகிழ்ச்சிக் கட்டத்தில் 'முதல் தரம்' என்று எழுதினார். பக்கத்தில் அறிவுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் 'குறைவு' என்று எழுதினார்.

நான் எழுந்து போய்க் கேட்டேன். "எதை வெச்சு அப்படி எழுதறீங்க?"

"மாஸ்டர், செக்கிங்ல ஒருத்தன்கிட்டப் பத்து பீஸ் குடுக்கறீங்க. ஒண்ணுலகூடக் கொறை இல்லைங்கறான். நீங்க என்ன நெனைப்பீங்க?"

"துணி நல்ல துணின்னு நெனைப்பேன்."

"நாங்க, அவன் கண்ணு சரியில்லைன்னு நெனைப்போமுங்க. நாப்பத்தஞ்சு வருசம் வாழ்ந்து ஒரு கொறையக்கூடக் கண்டுபிடிக்காத மனுசனுக்கு வேறென்ன எழுத முடியும்?"

சலாவுதீன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "உடுங்கண்ணே. பாவம், அவருக்கு இன்னும் இருவது பேரு இருக்காங்க" என்றான்.

தாள்கள் ஜெர்மனிக்குப் போயின. பதில் வந்தது. தலைவர் அதை மைக்கில் படித்தார். என் தம்பியின் மகிழ்ச்சி அங்கீகரிக்கப்பட்டிருந்தது.

தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. வாங்குபவர் ஒப்புக்கொண்ட பீஸில் அட்டை கட்டி, அரக்கு முத்திரை வைத்து, சாம்பிள் ரூமில் தொங்கவிடுவார்கள். ஆர்டர் முடியும் வரை அதைத் திருத்தவோ வெளியே எடுக்கவோ கூடாது. மற்ற எல்லாப் பீஸும் அதைப் போலவே இருக்க வேண்டும். கழகம் அந்த முறையிலிருந்து நூல் அளவும் விலகவில்லை. என் தம்பியின் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டினார்கள். 'அங்கீகரிக்கப்பட்டது. மகிழ்ச்சி: முதல் தரம். அறிவு: குறைவு. மகிழ்ச்சிக்குக் காரணம்: அறியாமை.' கீழே சிவப்பு அரக்கு. சாம்பிள் ரூமில், கண்ணாடிக்குப் பின்னால், தொங்கும் சட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்தார்கள்.

தினமும் காலையில் முந்நூறு பேரும் வரிசையாகப் போய் அவன் முகத்தைப் பார்த்து, தங்கள் முகத்தைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் போக வேண்டும். கூடவோ குறையவோ அரை சென்டிமீட்டர் வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் தப்பினால் குறையுள்ள பீஸில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கன்னத்தில் ஒட்டி, குறை திருத்தும் ஆல்ட்டர் டேபிளுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் உட்கார்ந்து, தெரிந்ததை மறப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்.

செக்கிங்கில் இருந்த ராமுத்தாய்க்கு மூன்று நாள் தொடர்ந்து அம்பு விழுந்தது. "எங்கம்மா காங்கேயத்துல படுத்த படுக்கையா இருக்குதுங்க. சலாவண்ணன் அளவுக்கு நான் எங்க போயிங்க சிரிக்கறது?" என்றாள். நான்காம் நாள் ஒரு மேற்பார்வைக் குழு வந்தது. அன்று காலை பத்து மணிக்குக் காங்கேயத்திலிருந்து ராமுத்தாய்க்கு ஒரு தந்தி வந்திருக்கிறது. குழு போகும் வரை குமாரவேல் அதை மேசை டிராயரில் வைத்திருந்து, சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் கொடுத்தார். அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். அன்று அவள் புன்னகை ஐந்து சென்டிமீட்டர் இருந்ததாகக் கழகத்தின் பதிவேட்டில் இருக்கிறது.

அதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. "அடுத்தவங்க பேருக்கு வந்த காகிதத்தை மறைக்கறதுக்கு இவனுகளுக்கு என்ன உரிமை இருக்குது?" என்று வீட்டில் சத்தமாகவே சொன்னேன். என் மனைவி காத்தூன் பீவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி அரிசியைக் களைந்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமுக்குப் போனேன்.

"ஏப்பா சலாவு, உனக்கு ரோசமே இல்லையா? கழுத்துல என்ன எழுதித் தொங்குதுன்னு படிச்சியா, இல்லையா?"

"படிச்சேனுங்கண்ணே. அச்சு நல்லா உழுந்திருக்குது."

"சிரிக்காதடா."

"சிரிக்காம இருந்தா வேலை போயிருமுங்கண்ணே." பிறகு அவன் தலையைத் திருப்பாமல், கண்ணால் பக்கத்தில் தொங்கிய சட்டையைக் காட்டினான். "அந்தச் சட்டையப் பாருங்க. அதுதான் ஆர்டருக்கு மெயின் சாம்பிள். வலது தோள்ல ஒரு தையல் உட்டிருக்குது. ஜெர்மன்காரரு பாக்காமச் சீல் வெச்சுட்டாரு. நாப்பதாயிரம் சட்டையிலயும் அதே எடத்துல தையலை உட்டுத் தெச்சுட்டிருக்காங்க. குமாரவேலுகிட்டச் சொன்னேன். சாம்பிள் பேசக் கூடாதுன்னுட்டாரு."

நான் தடவிப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடி போடாமல் எனக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

மார்கழியில் கழகம் புது வருஷக் காலண்டர் அச்சடித்தது. நடுவே என் தம்பியின் சிரித்த முகம். கீழே அட்டையில் இருந்த வாசகம் அப்படியே, கொட்டை எழுத்தில். அந்தக் காலண்டர் எல்லாப் பனியன் கம்பெனிக்கும், நூல் கடைக்கும், டீக்கடைக்கும் போயிற்று. தாராபுரத்துக்கும் போயிற்று.

மாப்பிள்ளையின் தகப்பனார் நஸ்ருதீன் ராவுத்தர் தானிய மண்டி வைத்திருப்பவர். எங்கள் வீட்டுக்கு நேரில் வந்தார். டீயைத் தொடவில்லை.

"அமானுல்லா பாய், பொண்ணு தங்கமுங்க. அதுல ரெண்டாம் பேச்சில்லை. ஆனா காலண்டரு எங்க மண்டியிலயே தொங்குது. தராசுக்கு நேரா சம்மந்தி சிரிக்கறாரு. வர்றவன் போறவனெல்லாம் கீழ எழுதியிருக்கறதை வாய் உட்டுப் படிக்கறான். நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் அது எறங்குமில்லீங்களா?"

"எங்க ஊட்டுல யாருக்கும் மண்டையில கொறவு கெடையாதுங்க."

"நீங்க சொன்னாப் பத்தாதுங்க. அச்சடிச்சவங்க சொல்லோணும். தை கடைசி வரைக்கும் பொறுக்கறேன்."

அவர் போன பிறகு உள்ளே ஷரீபுன்னிசா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தேய்த்ததையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அருள்புரத்துக்குப் போனேன். முப்பது வருஷத்தில் முதலாளியிடம் நான் எதுவும் கேட்டுப் போனதில்லை.

"மாஸ்டர், நீங்க தொழில் தெரிஞ்சவரு" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "சீல் வெச்ச சாம்பிளை நடுவுல மாத்தினா ஆர்டரு நிக்குமா? ஆர்டரு முடியட்டும், அட்டையக் கழட்டிரலாம்."

"எப்பங்க முடியும்?"

"ரிப்பீட் ஆர்டரு வந்துட்டே இருக்குதுங்க. ரெண்டு மூணு வருசம் ஆகும்."

"அறிவு கொறவுங்கற ஒரு வரிய மட்டும் அடிச்சுக் குடுங்க. பாக்கி இருக்கட்டும்."

குமாரவேல் விதிப் புத்தகத்தைத் திறந்தார். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. ஒருவருக்கு அறிவு உண்டு என்றால், தன் வாழ்க்கையைப் பற்றிய உண்மையைக் கேட்டதும் அவர் மகிழ்ச்சி குறைய வேண்டும். குறைந்தது இரண்டு சென்டிமீட்டர். முதலில் கழகம் சில உண்மைகளைச் சொல்லும். அதற்கும் குறையாவிட்டால், ரத்த உறவினர் ஒருவர் அவருக்குத் தெரியாத உண்மை ஒன்றைக் கொண்டுவந்து சொல்லலாம்.

"உங்க தம்பிய நல்லா வருத்தப்படற மாதிரி ஒரு உண்மையாக் கொண்டாங்க மாஸ்டர்" என்றார் தலைவர். "குடும்பம்னு இருந்தா ஒண்ணாவது இருக்கும். எங்கூட்டுல தேடவே வேண்டியதில்லை."

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். "அவனுக்குத் தெரியாத உண்மைக்கு நான் எங்க போறது?" என்றேன்.

காத்தூன் பீவி என் தட்டையே பார்த்தபடி சொன்னாள். "ஏனுங்க, பரண்மேல ஒண்ணு இருக்குதுல்லீங்க. நீங்க ஒட்டி வெச்சது."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அறுபத்தேழாம் வருஷம் சலாவுதீனுக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க். கோயமுத்தூரில் பாலிடெக்னிக்குக்கு மனு போட்டிருந்தான். அவனுக்கு இடம் கொடுத்து வந்த கடிதம் என் கையில் கிடைத்தது. எங்கள் அத்தா மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கட்டிங் மேசைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நான் ஐந்தாம் வகுப்பு. அண்ணன் பனியன் வெட்டுகிறான், தம்பி இன்ஜினியர் என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சில் என் பெயர் முதலில் வராது. மார்க் போதவில்லையாம், இடம் கிடைக்கவில்லை என்று அவனிடம் சொன்னேன். "நம்ம மண்டை அவ்வளவுதானுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மறுநாள் கத்திரியை எடுத்தான். வந்த கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. தொண்ணூறு சைஸ் பனியனின் முன்கழுத்துக்கு அப்போது புதிதாக அட்டை செய்துகொண்டிருந்தேன். இரண்டு அட்டைக்கு நடுவே கடிதத்தை வைத்து ஒட்டினேன். கூடுதல் காகிதம் இருந்ததால் அட்டை நன்றாக விறைப்பாக நின்றது. அதை வைத்துப் பல வருஷம் நாங்கள் இருவரும் வெட்டினோம்.

தை மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து விசாரணை. பரணிலிருந்து எடுத்த அட்டை என் பையில் இருந்தது. மேசைக்குப் பின்னால் தலைவர். என் தம்பி எதிரே, கழுத்தில் அட்டையோடு. விதிப்படி உறவினரையும் அளக்க வேண்டும் என்று குமாரவேல் என் வாயையும் அளந்தார். நான்கரை. "மாஸ்டருக்கு இதுவே அதிகமுங்க" என்றார் தலைவர். சலாவுதீனுக்கு வழக்கம்போல் ஐந்தரை.

குமாரவேல் படித்தார். "உண்மை ஒண்ணு. உங்க தெருக் கெணத்துல சாயத் தண்ணி எறங்கியிருச்சுங்க. இனி எந்தக் காலத்துலயும் குடிக்க ஆகாது."

"தெரியுமுங்க. போன வாரம் பச்சையா இருந்துச்சு. இந்த வாரம் நாவப்பழக் கலரு. எந்தக் கம்பெனியில என்ன ஆர்டரு ஓடுதுன்னு கெணத்தை எட்டிப் பாத்தே சொல்லிருவேனுங்க."

அளந்தார். ஐந்தரை.

"உண்மை ரெண்டு. டியூப் லைட்டுக்கடியில பீஸ் பாத்துப் பாத்து உங்க கண்ணு தேஞ்சிருச்சு. இன்னும் அஞ்சு வருசத்துல பார்வை மங்கீரும்னு கம்பெனி டாக்டரு எழுதியிருக்காரு."

"வெளிய பாத்த டாக்டரு மூணு வருசம்னாருங்க. நீங்க ரெண்டு வருசம் சேத்திச் சொல்றீங்க. நல்லதுங்க."

ஐந்தரை. எனக்கு அது புதிய செய்தி. வெளியே எந்த டாக்டரிடம் போனான், யாரோடு போனான் என்று எனக்குத் தெரியாது.

"உண்மை மூணு. ஆர்டரு முடிஞ்சா உங்களுக்கு இங்க வேலை இருக்காது."

"சாம்பிள் துணிய மெசின் தொடைக்கத்தானுங்க போடுவாங்க. அது வழக்கந்தானுங்களே."

ஐந்தரை. தலைவர் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இனி உங்க கையிலதான் இருக்குது."

நான் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது.

"சலாவு, இதுக்குள்ள ஒரு கடிதாசி இருக்குது. கோயமுத்தூருல இருந்து அறுவத்தேழுல உனக்கு வந்தது. உனக்கு எடம் குடுத்திருந்தாங்க. கெடைக்கலைன்னு நான் பொய் சொன்னேன். உன்ற மண்டையில எந்தக் கொறவும் இல்லை. நாந்தான் மறைச்சேன்."

தம்பி அட்டையைப் பார்த்தான். பழகிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ஆமாங்கண்ணே" என்றான்.

நான் கத்தியால் அட்டையின் ஓரத்தைக் கீறிப் பிரித்தேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக வந்தது. என் பசை அப்படி வராது. கடிதம் பழுப்பேறி இருந்தது. அதன் வலது மூலையில் நீலப் பென்சிலால் ஒரு சின்ன டிக்.

"எழுவத்தி நாலுலயே அட்டை ஓரம் பிஞ்சுக்கிச்சுங்கண்ணே. ஷரீபு பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னால. உள்ள காகிதம் தெரிஞ்சுது, எடுத்துப் படிச்சேன். படிச்சா டிக் போடறது பழக்கமாப் போச்சு. போட்டுட்டேன். அப்பறம் மைதாப் பசை காய்ச்சித் திரும்ப ஒட்டி வெச்சுட்டேன்."

"எதுக்குடா திரும்ப ஒட்டுனே?"

"காகிதத்தை எடுத்துட்டா அட்டை தொய்யுமில்லீங்களா. அளவு மாறீரும். அன்னிக்கு மேசைமேல நாப்பது மடி துணி விரிச்சுக் கெடந்துச்சு."

"இருவத்தோரு வருசம் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா நீங்க என்னங்கண்ணே சொல்லுவீங்க? அன்னிக்குச் சாயங்காலம் ஊட்டுக்கு வரலீங்க. நொய்யல் பாலத்துமேலயே நின்னுட்டிருந்தேன். தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னுகூடப் புரியலை. காத்தால அந்த நாப்பது மடியும் அப்படியே கெடக்குமேன்னு ஞாபகம் வந்துச்சு. வந்துட்டேன். அந்த அட்டையில வெட்டுன கழுத்து ஒண்ணுகூட வாய் பொளந்ததில்லீங்கண்ணே. நல்ல அட்டை."

இதைச் சொல்லும்போதும் அவன் முகம் மாறவில்லை. குமாரவேல் டேப்பை வைத்து அளந்தார். இரண்டு தடவை அளந்தார். ஐந்தரை.

தலைவர் தீர்ப்பை எழுதச் சொன்னார். "வாழ்க்கையையே பொரட்டிப் போடற உண்மையக் கேட்டும் அரைப் புள்ளி எறங்கலை. அப்படின்னா என்னங்க அர்த்தம்? வெசயம் உள்ள போகலைன்னு அர்த்தம். அறிவு கொறவுங்கறது ஊர்ஜிதமாச்சு. எழுதிக்கங்க."

எழுதியபடி குமாரவேல் தற்செயலாக என்னைப் பார்த்தார். பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் உதடுகளின் குறுக்கே டேப்பை வைத்தார். அது நனைந்தது. அவர் டேப்பைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"ரெண்டுங்க. ரெண்டரை கொறஞ்சிருக்குது."

"பாத்தீங்களா" என்றார் தலைவர். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "உண்மையக் கேட்டு ஒருத்தருக்குக் கொறஞ்சிருச்சு. அப்ப அந்தக் குடும்பத்துல அறிவு இருக்குது. பெரியவருகிட்ட இருக்குது. தம்பிக்குச் சந்தோசம், அண்ணனுக்கு அறிவு. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்தாத்தான் கழகத்துக்குச் சங்கடம். மாஸ்டருக்கு ஒரு சர்டிபிகேட் போட்டுக் குடுத்திருங்க."

கொடுத்தார்கள். 'திரு. அமானுல்லா. அறிவு: முதல் தரம். மகிழ்ச்சி: ரிஜெக்ட்.' கீழே அரக்கு முத்திரை. நான் எதற்காக அங்கே போனேனோ அது என் கையில் இருந்தது. பஸ்ஸில் அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நஸ்ருதீன் ராவுத்தர் சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். கல்யாணத்துக்குச் சம்மதித்தார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். நிக்காஹ் தப்தர் என்கிற கல்யாணப் பதிவேட்டில் பெண் சார்பில் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடுவது தகப்பனின் உரிமை. ஆனால் தகப்பனுக்கு அறிவு குறைவு என்று இரண்டு தடவை ஊர்ஜிதமாகியிருக்கிறது. நாளைக்கு யாராவது கேள்வி எழுப்பலாம். அதனால் பெரியத்தாவான நான் கையெழுத்துப் போடுவதே முறை என்றார்.

பங்குனியில் நிக்காஹ். சாம்பிளை வெளியே எடுக்கக் கேட் பாஸ் வாங்க வேண்டியிருந்தது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை சலாவுதீனுக்குக் கொடுத்திருந்தார்கள். அட்டையைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கழுத்தோரம் கயிறு தெரிந்தது.

தப்தர் என் முன்னால் வந்தது. நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் விரலால் இடத்தைக் காட்டினார். பெண்ணுக்குப் பொறுப்பாளர் என்று அச்சடித்திருந்தது. முன்னொரு நாள் தபால்காரர் ஒரு கடிதத்தை நீட்டியதும், அதன்மேல் என் பெயர் இல்லாததை நான் பார்த்ததும் நினைவுக்கு வந்தன. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்த தம்பியின் கையைப் பிடித்து என் இடத்துக்கு இழுத்தேன். நஸ்ருதீன் ராவுத்தர் எழுப்பிக் கூட்டிப்போகிறவர்போல் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

சலாவுதீன் எழவில்லை. என் முழங்கையைப் பிடித்து மெதுவாக என்னைக் கீழே அமர்த்தினான்.

"உக்காருங்கண்ணே" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "துணி விரிச்சாச்சு. இப்ப அட்டையப் பிரிக்காதீங்க. அளவு மாறீரும்."

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டேன். அறுபது வயதை எட்டப்போகிற என் கையெழுத்து அன்று முதல் தடவையாகக் கோணியது.

மை காயட்டும் என்று ஹஜ்ரத் தப்தரைச் சற்று நகர்த்தி வைத்தார். அது என் தம்பியின் முன்னால் வந்து நின்றது. அவன் குனிந்து, கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், மகளின் பெயரை, மாப்பிள்ளையின் பெயரை, என் பெயரை ஒவ்வொரு வரியாகப் படித்தான். அவசரப்படவில்லை. படித்து முடித்ததும், யாரையும் கேட்காமல், பேனாவை எடுத்து வலது மூலையில் ஒரு சின்ன டிக் போட்டான்.